துடைத்தும் போகாத புள்ளிகள்

"பொம்பளையளப் போட்டோ புடிக்கதுக்கா மூணு வருசம் படிச்ச?"

என் அத்தை இப்படிக் கேட்டபோது நான் பம்பாயில் மாட்டுங்கா பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முறுக்கு மாவு பிசைந்த கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பி, "அதுவும் எந்த எடத்த எடுக்காளாம், கேட்டியா? இத வெளிய சொன்னா எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றாள். அம்மா சிரித்துச் சமாளித்தாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும். என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தோல் கிடங்கில் சுமை தூக்கினார். அம்மாவும் அத்தையும் வீட்டில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போட்டார்கள். மூவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கியதால் எனக்குத் தமிழ் எழுதவும் வரும். என்னோடு கிரிக்கெட் ஆடியவர்களில் பாதிப் பேர் கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பன்னிரண்டாவது முடித்து செம்பூரில் ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு, படித்தேன். எலும்புகளின் பெயர்களை 357-ம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்தது தவிர அந்த வருடங்களில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

இப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெறும் வயதல்ல. ஆனாலும் மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் அறையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மழைக்காலத்தில் எங்கள் பழைய இயந்திரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். புதியது வந்த அன்று, நவி மும்பை நெரூலிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஜூனியர் பெண் இழுப்பறையைத் துழாவி ஒரு பிரஷ்ஷை எடுத்துக் காட்டினாள்.

"அக்கா, இது யாரோட மேக்கப் பிரஷ்?"

அது என் பிரஷ். மேக்கப்புக்கு அல்ல. எதற்கு என்று சொல்லத் தொடங்கினேன், மதியச் சாப்பாடு ஆறியது. "எழுதிக் குடுங்க அக்கா, மெதுவா எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கறேன்" என்றாள். அவளுக்காகவும் அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

மற்ற ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் எங்களிடம் பிலிம்தான் ஓடியது. தட்டையான கேசட் ஒன்றில், இருட்டறையில் வைத்துப் பிலிமைப் போட வேண்டும். கேசட்டுக்குள் ஒளிரும் திரை ஒன்று உண்டு. அந்தத் திரைக்கும் பிலிமுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி இருந்தாலும் போதும், படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். மார்பகப் படத்தில் நாங்கள் தேடுவதே வெள்ளைப் புள்ளிகளைத்தான். மாட்டுங்காவின் தூசிக்கும் ஒரு பெண்ணின் நோய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும்? அதற்குத்தான் அந்தப் பிரஷ். காலையில் வந்ததும் கை கழுவி, ஒவ்வொரு கேசட்டாகத் திறந்து, ஒரே திசையில் மட்டும் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் தூசி இடம் மாறுமே தவிரப் போகாது.

இந்த முறையை வகுத்தவர் டாக்டர் ஜானகி. படங்களைப் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர், எங்கள் துறைக்குத் தலைவர். மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவிலேயே படித்து, மாட்டுங்காவிலேயே வேலையும் பார்த்தவர். தாதருக்கு அந்தப் பக்கம் போவதையே வெளியூர்ப் பயணம் மாதிரிப் பேசுவார். கேசட் ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி வைத்திருந்தார். அந்த எண் பிலிமின் ஓரத்திலும் விழும். இரண்டு வெவ்வேறு பெண்களின் படங்களில் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் எண்ணைப் பார்ப்பார். எண்ணும் ஒன்றாக இருந்தால், "இது அவா உடம்புல இல்லை, உன் சோம்பேறித்தனத்துல இருக்கு" என்று கேசட்டை நீட்டுவார்.

படம் பார்க்கும்போது அவர் உட்கார மாட்டார். விளக்குப் பெட்டியில் பிலிமைச் செருகிவிட்டு, பூதக்கண்ணாடியோடு ஓரத்திலிருந்து ஓரம்வரை, வயலில் நாற்று நடுகிறவர்கள் நகர்வது போல நகர்வார். முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார்.

"எஸ்தர், என்ன தெரியறது?"

முதல் நாள் நான், "கேன்சர் மாதிரி..." என்று இழுத்தேன்.

"நான் அதையா கேட்டேன்? என்ன தெரியறதுன்னுதானே கேட்டேன்?"

"வெள்ளையா புள்ளி தெரியுது மேடம்."

"அதைச் சொல்லு. எத்தனை, எங்க, என்ன வடிவம். பேர் வைக்கறது லேப் வேலை."

அவரும் அப்படித்தான் இருந்தார். ஊசி வைத்து எடுத்த துணுக்கைப் பரிசோதனைக்கூடம் பார்த்துச் சொல்லும்வரை எந்தப் பெண்ணிடமும் அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை. அதே போல, "ஒண்ணும் இருக்காது, கவலைப்படாதீங்கோ" என்றும் சொன்னதில்லை.

தூசியையாவது நான் துடைத்துவிடலாம். எங்களுக்குப் பெரிய எதிரி பவுடர்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதென்றால் பவுடர் இல்லாமல் தாண்ட மாட்டார்கள். ஆஸ்பத்திரி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் கழுத்துக்குக் கீழே, அக்குளில், மார்புக்கு அடியில் எல்லாம் தாராளமாகக் கொட்டிக்கொண்டு வருவார்கள். வியர்வை நாற்றம் வந்துவிடக் கூடாதே என்ற கூச்சம்தான். பம்பாய் வெக்கையில் அது நனைந்து தோல் மடிப்பில் திட்டாக உறைந்திருக்கும். படத்தில் அதுவும் வெள்ளைப் புள்ளிதான். "பவுடர் போடாமல் வரவும்" என்று மராத்தியிலும் இந்தியிலும் போர்டு இருந்தது. நான் தமிழிலும் ஒன்று எழுதி ஒட்டினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஈரத் துண்டுதான் வழி. துண்டை வெந்நீரில் பிழிந்து கொடுப்பேன். "பவுடர் போடாம வந்தா பொணம் மாதிரில்லா இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பார்கள்.

தங்கபுஷ்பம் அக்கா இப்படித்தான் வந்தார். தாராவியில் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளித் தோல் பர்ஸ் தைக்கும் காரகானா, ஒரு சின்னப் பட்டறை, வைத்திருந்தார். அவரும் கணவர் செல்லத்துரை அண்ணாச்சியும் இன்னும் சில தையல்காரர்களும் வேலை செய்தார்கள். அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. வலி இல்லை, கட்டி இல்லை. பெண்கள் சங்கத்தில் இலவசப் பரிசோதனைச் சீட்டுக் கொடுத்ததால் வந்திருந்தார்.

"ஏட்டி, நீ முறுக்குக்காரி மவதான? நீயா எடுக்கப் போற? நல்லதாப் போச்சி. ஆம்பள இருந்தா அப்பிடியே திரும்பிருப்பேன்."

இந்தப் பரிசோதனையில் இயந்திரத்தின் தட்டில் மார்பை வைத்து, மேலே இருந்து இன்னொரு தட்டால் அழுத்துவோம். அழுத்தினால்தான் உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விரிந்து தெரியும். தட்டு ஐஸ் மாதிரி இருக்கும். முதலில் என் இரண்டு உள்ளங்கைகளையும் அதில் வைத்துச் சூடாக்குவேன். பிறகு தோளைத் தொட்டு இறக்கி, முகத்தைத் திருப்பி, அழுத்தும்போது பேச்சுக் கொடுப்பேன்.

"நசுக்கிறாத புள்ள, பர்ஸ் பிரஸ் பண்ணுத மாதிரி நசுக்குதியே!"

"ஒரு நிமிசம் அக்கா. மூச்சப் புடிங்க. விட்டுருங்க."

ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. பிலிம்களைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் கொடுத்த ஈரத் துண்டால் அக்கா சும்மா ஒற்றித்தான் எடுத்திருக்க வேண்டும். இடது பக்கப் படம் முழுக்க ரவை சிந்தியது போல இருந்தது. டாக்டர் ஜானகி என்னைப் பார்த்த பார்வையில் நான் முதலில் கேசட்டைத்தான் நினைத்தேன். எண்ணைப் பார்த்தார். அதே கேசட்டில் எடுத்த முந்தைய பெண்ணின் படம் சுத்தமாக இருந்தது.

"பவுடர்!" என்று வாசல்வரை கேட்கும்படி கத்தினார். "முழுக்கப் பவுடர்! துடைக்கச் சொல்லி மறுபடி எடு!"

அந்தச் சத்தம் உடை மாற்றும் மறைப்புக்குப் பின்னால் இருந்த புஷ்பம் அக்காவின் காதில் விழுந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் தொடக்கம்.

துடைத்து மறுபடி எடுத்தோம். அக்குளில் இருந்தவை போய்விட்டன. மார்புக்கு அடியில் இருந்தவையும் போய்விட்டன. உள்ளே, நடுவிலிருந்து சற்று மேலே, ஒரு சின்ன இடத்தில் இருந்தவை மட்டும் போகவில்லை. அந்த இடத்தைப் பெரிதாக்கி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதைப் பார்க்க அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"என்ன தெரியறது?"

"புள்ளி எல்லாம் ஒரே மாதிரி இல்ல மேடம். சிலது நீட்டமா இருக்கு. வரிசையாப் போய் ஒரு இடத்துல கிளை பிரியுது."

"ஊசி வெச்சுப் பார்க்கணும். நீயே சொல்லு, உங்க ஊர் பாஷைல."

சொன்னேன். அக்கா ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டே சிரித்தார். "அந்தம்மாதான் பவுடருன்னு கத்திச்சே. நல்லாத் துடைக்காம வந்தது என் தப்பு. அதுக்குப் போயி ஊசியா? தீவாளி ஆர்டர் கெடக்கு எஸ்தரு. பொறவு பாப்போம்."

ஊசிக்குக் குறித்த நாளில் அவர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒருமுறை காரகானாவுக்கே போனேன். வாசலில் தோல் அட்டைகள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி உள்ளே இருந்தபடியே, "சீசன் முடியட்டும்மா" என்று கையை ஆட்டினார். அதற்குமேல் என்னால் உள்ளே போக முடியவில்லை.

தீபாவளி முடிந்து கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிய சமயம், தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது யாரோ என் முதுகில் தட்டினார்கள். புஷ்பம் அக்கா. ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. முகம் எண்ணெய் வழிந்து பளபளவென்று இருந்தது.

"என்ன அப்பிடிப் பாக்க? பவுடர விட்டுட்டேன்! அன்னைலேருந்து ஒரு துளி தொடல. கல்யாண வீட்டுக்குக்கூட இப்பிடியே போனேன், பாத்துக்க. எல்லாவளும் ஒடம்பு சரியில்லையான்னு கேக்காளுவ." அவர் குரலில் விரதம் இருந்து முடித்தவரின் நிறைவு இருந்தது. "இப்ப போட்டோ எடு. உள்ள போயிருந்த பவுடரெல்லாம் வேர்வைல எறங்கிருக்கும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் எங்களை ஏமாற்றவில்லை. பயந்து ஒளியவும் இல்லை. அவர் நினைப்பில் இத்தனை மாதமும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். தக்காளிக் கூடைக்கு முன்னால் நின்று நான் என்ன சொன்னாலும் எடுபடாது. "நாளைக்கு வாங்க அக்கா. ஊசி வேண்டாம். போட்டோ மட்டும்" என்றேன்.

டாக்டர் ஜானகி திட்டுவார் என்று நினைத்தேன். "வரட்டும். வந்தாப் போறும்" என்றார்.

மறுநாள் பெரிதாக்கிய படத்தை மட்டும் எடுத்தோம். புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. கூடுதலாகச் சிலவும் இருந்தன. டாக்டர் அக்காவை உள்ளே வரச் சொல்லி, பழையதையும் புதியதையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தார். நோயாளியிடம் அவர் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இது பவுடர் இல்லன்னு நான் எப்பிடி நம்புதது? பவுடர மட்டும் தனியா ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்க. ரெண்டையும் வச்சிப் பாப்போம்" என்றார்.

நான் பதறிப்போய் டாக்டரைப் பார்த்தேன்.

"கேக்கறது நியாயம்தானே" என்றார் அவர். "எஸ்தர், ஒரு க்ளவுஸ்ல தண்ணி நிரப்பி முடிச்சுப் போடு."

நிரப்பினேன். பவுடருக்கு எங்கே போவது? எங்கள் அறையில் பவுடர் தடை செய்யப்பட்ட பொருள். டாக்டர் ஜானகி தன் கைப்பையைத் திறந்து, அடியிலிருந்து சின்னப் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப நீங்களும் போடுவியளா?"

"மூஞ்சிக்கு மட்டும்" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

அக்காவே கையுறைமேல் பவுடரைத் தட்டி, தன் கழுத்தில் தடவுவது போலவே தடவினார். நான் படம் எடுத்துக் கழுவிக் கொண்டுவந்தேன். மூன்று படங்களும் விளக்கில். பவுடர் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடந்தது. இங்கே திட்டு, அங்கே தூவல். அக்கா கண்ணாடியை அதில் ஓட்டினார், பிறகு தன் படத்தில் ஓட்டினார், மறுபடியும் அதில். அவர் விரல் புள்ளிகளின் வரிசையைத் தொட்டுக்கொண்டே போனது. இருபத்தைந்து வருடமாக நூல் போகும் தடத்தைப் பார்த்தே வாழ்ந்த விரல் அது.

"சிந்துனது இப்பிடி வரிசையாப் போவாது" என்றார் மெதுவாக. "இது ஏதோ ஒரு தடத்துலல்லா போவுது."

"ஆமாம். பால் குழாய் போற தடம்" என்றார் டாக்டர்.

அக்கா கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஊசிய எப்ப வைக்கிய?"

ஊசிச் சோதனையின் முடிவு அடுத்த வாரம் வந்தது. பால் குழாய்க்குள்ளேயே இருக்கும் புற்றுநோய். அதை இங்கே தெளிவாக எழுத வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள். மார்பில் பால் வரும் குழாய்களின் உள்பக்கத்தில் கெட்ட செல்கள் பெருகுகின்றன. குழாயின் சுவரைத் தாண்டி அவை இன்னும் வெளியே வரவில்லை. அதனால் பெரும்பாலும் கட்டியாகக் கைக்குத் தட்டுப்படாது, வலிக்காது. குழாய்க்குள் செத்துப்போகும் செல்களின் மிச்சத்தில் சுண்ணாம்பு படியும். படத்தில் நாங்கள் பார்ப்பது அந்தச் சுண்ணாம்பைத்தான். சுண்ணாம்புப் புள்ளி எல்லாமே புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. எது எது என்று பிரிப்பதற்குத்தான் பெரிதாக்கிய படமும் ஊசியும்.

முடிவு கேட்க அண்ணாச்சியும் வந்திருந்தார். டாக்டர் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட கேள்வி நான் பிற்பாடு பல வாய்களில் கேட்ட கேள்வி.

"கட்டி இல்லங்கிய. வலி இல்ல. பரவவும் இல்லன்னு நீங்களே சொல்லுதிய. பொறவு எதுக்கு அறுக்கணும்? நல்லா இருக்கவளக் கத்தி வச்சி, காத்துப் பட்டு, அதுக்குப் பொறவு பரவுனா?"

"கத்தி வெச்சாலோ காத்து பட்டாலோ பரவாது" என்றார் டாக்டர். "ஆனா மொதல் கேள்வி சரியான கேள்வி. சிலருக்கு இது கடைசிவரைக்கும் குழாய்க்குள்ளயே இருந்துடும். சிலருக்குச் சுவரைத் தாண்டிடும். இவாளுக்கு எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குத் தேதிக்கு யாருக்கும் நிச்சயமாச் சொல்லத் தெரியாது. தாண்டினப்புறம் வைத்தியம் பெரிசு. இப்போ சின்னது. அதனால இப்போ எடுக்கச் சொல்றேன். மார்பு முழுக்க இல்லை, அந்த இடத்தை மட்டும்."

தனக்குத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னது அண்ணாச்சிக்கு இன்னும் பயத்தைக் கிளப்பிவிட்டது. "அவியளுக்கே தெரியலங்காவ" என்று எழுந்தார். "வா, ஊருக்குப் போயி நாட்டு வைத்தியம் பாப்போம்."

அக்கா எழுந்திருக்கவில்லை.

"இங்க பாருங்க. போன வருசம் அந்த சேட்டு ஆர்டர்ல ஒரு பையில பேனா ஒழுவி, லைனிங்ல மை எறங்கிச்சில்லா? தோலுக்கு வரல. வெளிய பாத்தா புதுசு மாதிரி இருந்திச்சி. நீங்க என்ன செஞ்சிய?"

அண்ணாச்சி கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"தோலுல எறங்கதுக்குள்ள லைனிங்கக் கிழிச்சி எறிஞ்சிட்டு வேற போட்டிய. எறங்குமா எறங்காதான்னு பாத்துட்டா இருந்திய? பைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

அண்ணாச்சி மறுபடி உட்கார்ந்து, டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அன்னைக்கு நான் கூட இருக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

கைக்குத் தட்டுப்படாத ஒன்றை சர்ஜன் எப்படித் தேடி எடுப்பார்? ஆபரேஷன் காலையில் முதலில் எங்கள் அறைக்குத்தான் வர வேண்டும். மார்பைத் தட்டுகளுக்கு நடுவில் பிடித்து, படம் எடுத்து, இடம் குறித்து, டாக்டர் ஜானகி ஒரு மெல்லிய கம்பியைப் புள்ளிகள் இருக்கும் இடம்வரை செலுத்துவார். அதன் நுனி சின்னக் கொக்கியாக உள்ளே பிடித்துக்கொள்ளும். மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது எதிலும் பட்டுவிடாமல் இருக்க நான் ஒரு காகித டீ கப்பைக் கவிழ்த்து பிளாஸ்டர் போட்டு ஒட்டுவேன். அக்கா குனிந்து அந்த கப்பைப் பார்த்தார்.

"டீ எங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சி வாங்கித் தாரேன்."

"இஞ்சி போட்டுச் சொல்லு."

சக்கர நாற்காலியில் போகும்போது அவர் என் கையை விடவில்லை. லிஃப்ட் கதவு மூடும்போதுதான் விட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு இன்னொரு வேலை உண்டு. வெட்டி எடுத்த சதைத் துண்டை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நேராக எங்களிடம் கொண்டுவருவார்கள். அதை ஓடிப்போய்ப் படம் எடுக்க வேண்டும். புள்ளிகள் துண்டுக்குள் வந்துவிட்டனவா, விளிம்பைச் சுற்றி நல்ல சதை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதுவரை மேலே தையல் போடாமல் காத்திருப்பார்கள். துண்டின் எந்தப் பக்கம் எது என்று தெரிய சர்ஜன் ஒரு பக்கம் நீள நூலும் ஒரு பக்கம் குட்டை நூலும் தைத்து அனுப்புவார். எத்தனையோ துண்டுகளைப் படம் எடுத்திருக்கிறேன். அன்று இருட்டறையில் பிலிம் வெளியே வரும்வரை கழுவும் இயந்திரத்தை விட்டு நகராமல் நின்றேன்.

விளக்கில் செருகினேன். கம்பி இருந்தது. வரிசை இருந்தது. அந்த வரிசை குட்டை நூல் பக்கம் விளிம்புவரை போய், அங்கே வெட்டுப்பட்டது போல நின்றது.

டாக்டர் என்னைக் கேட்கவில்லை. நானே சொன்னேன். "குட்டை நூல் பக்கம் ஓரத்துல இருக்கு மேடம். தொட்டுட்டு நிக்குது."

அவர் ஏற்கெனவே தொலைபேசியை எடுத்திருந்தார். "குட்டை நூல் பக்கம் இன்னும் எடுங்கோ" என்று தியேட்டருக்குச் சொன்னார். இரண்டாவது துண்டு வந்தது. சின்னது. அதில் இரண்டு மூன்று புள்ளிகள் இருந்தன, அவற்றுக்கு வெளியே சுத்தமான சதை இருந்தது. டாக்டர் தலையசைத்ததும் நான் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம், "தையல் போடுதாவ" என்று மட்டும் சொன்னேன். அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமானது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

துண்டுகளின் பரிசோதனை முடிவு வர நாளானது. வந்தபோது, எடுத்த எல்லா இடத்திலும் நோய் குழாய்க்குள்ளேயே இருந்தது என்றது, விளிம்பு சுத்தம் என்றது. பிறகு பல வாரம் கதிர் சிகிச்சைக்குப் பரேலில் இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார் அக்கா. தோல் கறுத்து எரிந்தது, எரிச்சலில் எல்லோரையும் திட்டினார். இப்போது வருடம் தவறாமல் படம் எடுக்க வருகிறார். முழுசாகத் தீர்ந்தது என்று டாக்டர் ஜானகி இன்றுவரை சொல்லவில்லை. "இந்த வருஷப் படம் நன்னாயிருக்கு" என்பார். அது போதுமானதாக இருக்கிறது.

அந்த அறை இப்போதும் என் மூக்கிலும் கண்ணிலும் இருக்கிறது. பிலிம் கழுவும் திரவத்தின் புளித்த வாசம், இருட்டறையின் சிவப்பு விளக்கு, ஈரத் துண்டுகள். புதிய இயந்திரத்தில் அழுத்திய உடனே திரையில் படம் வந்துவிடுகிறது. கேசட் இல்லை, தூசி இல்லை. நல்லதுதான். பவுடர் மட்டும் அதிலும் தெரிகிறது.

பழைய பிலிம்களை ஒழுங்குபடுத்தியபோது ஓர் அடுக்கு தனியாக இருந்தது. மறுபடி வரச் சொல்லியும் வராத பெண்களின் படங்கள். ஒவ்வொன்றாக விளக்கில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொருத்தியும் எங்கேயோ சமைத்துக்கொண்டும் தைத்துக்கொண்டும், தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு இருக்கிறாள். வீடு வீடாகப் போய் இவர்களைக் கூப்பிட்டு வர ஓர் ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரி முடிவு செய்தது. எக்ஸ்ரே படித்தவர்கள் யாரும் அந்த வேலையைக் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"நன்னா யோசிச்சியா? புது மெஷின் வந்திருக்கு. நீதான் சீனியர்" என்றார் டாக்டர் ஜானகி. "ஒரு வருஷம் வெளியில சுத்தினா கை பழக்கம் விட்டுப்போயிடும்."

"கத்துக்கிடலாம் மேடம். இவங்க அதுக்குள்ள வரணும்ல."

அவர் அந்த அடுக்கின் மேலே இருந்த உறையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை தாதரில் பத்லாபூர் போகும் ரயிலில் ஏறி அம்பர்நாத்தில் இறங்கினேன். தொழிற்சாலைகளுக்குப் பின்னால், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்த தெருவில் அந்த உறையிலிருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து திறந்தார். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார்.

"ஆஸ்பத்திரிலேருந்தா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"தெரியும் அக்கா. நல்லா இருக்கும்போதே பாத்துப் பேசணும்னுதான் வந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓரமாக விலகி நின்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.